டமால்

எங்கள் சீர்திருத்த இல்லத்தில் அவளை எல்லோரும் டமால் என்றுதான் கூப்பிட்டோம். பதினாறு வயது. சமையலறையில் எனக்குக் கையாள். பம்பரமாக வேலை செய்வாள், பேச்சு மட்டும் வராது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று கிண்டல் செய்வேன். நல்ல பிள்ளை என்று பெயரெடுத்து, வீட்டுக்கு அனுப்பலாம் என்று பேச்சு வந்ததும், ஓர் அடுக்கு பீங்கான் தட்டைத் தூக்கித் தரையில் போடுவாள். டமால். விடுதலை தள்ளிப்போகும்.

"கொழுப்புடி உனக்கு!" என்று கத்துவேன். அவள் நிம்மதியாகச் சில்லுகளைப் பெருக்குவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் செய்த குற்றமும் இதே லட்சணம்தான். கடைக்காரர் கண்ணெதிரே செல்போனை எடுத்துவிட்டு, போலீஸ் வரும்வரை அங்கேயே நின்றாளாம். திருடக்கூடத் துப்பில்லை என்று சிரித்தோம்.

கண்காணிப்பாளர் நல்ல மனுஷிதான். "கோவத்துல தட்டை உடைக்கறா, பாவம். அதுக்காக அப்பாவைப் பிரிஞ்சே இருக்கணுமா?" என்று எல்லாத் தட்டுகளையும் எவர்சில்வராக மாற்றினார். விடுதலைப் பேச்சு மறுபடி வந்தபோது டமால் ஒரு தட்டை வீசினாள். அது உருண்டோடிச் சுவரில் முட்டிப் படுத்தது. கண்காணிப்பாளர் சிரித்தபடியே எடுத்து அலமாரியில் வைத்தார். டமாலின் முகத்தில் ஈயாடவில்லை.

அழைத்துப்போக அப்பா வந்தார். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. சமையலறைக் கதவருகே வந்து என்னைக் கும்பிட்டார்.

"புள்ளைய நல்லா பாத்துக்கிட்டீங்கம்மா. இனிமே நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான். எனக்குப் பின்னால் நின்றிருந்தவளின் காலடியில் தரை நனைந்தது. பதினாறு வயதுப் பெண், நின்ற இடத்திலேயே. அப்புறம் மேசைக்கு அடியில் புகுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கதவைச் சாத்தினேன்.

"அக்கா, எதை உடைச்சா என்னை இங்கயே வச்சுப்பாங்க? உடையற மாதிரி ஏதாவது குடுங்கக்கா."

ஜன்னல் வழியாகக் கத்தி மனநல ஆலோசகரைக் கூப்பிட்டேன். அவர் பின்கதவால் வந்து, எதையும் பார்க்காமல் ஈரத் தரையிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்பா செருமினா, அடுத்து என்ன நடக்கும்மா?"

அவள் அவர் காதோடு சொன்னாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆலோசகர் தன் துப்பட்டாவைக் கையில் சுருட்டிச் சுருட்டி இறுக்கிக்கொண்டே போவது மட்டும் தெரிந்தது. சின்ன வயதில் நடந்ததிலிருந்து சொல்லத் தொடங்கியிருப்பாள் போலிருக்கிறது, சொல்லி முடியவே இல்லை.

விடுதலையை அன்றே நிறுத்திவிட்டார்கள். விசாரணை வரும் என்று சொன்னபோதும் அப்பா பதறவில்லை. வெளிவாசலில் நின்று சமையலறை ஜன்னலைப் பார்த்துச் சிரித்தார். "எங்க போயிடப் போறா? என் பொண்ணுதானே."

பிறகு, அவளை அப்பாவிடம் அனுப்பக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. தூரத்தில் ஒரு விடுதி ஏற்பாடாயிற்று. தனி அறை, படிப்பு, பக்கத்திலேயே மனநல மருத்துவர் என்று ஆலோசகர் ஆசையாகச் சொல்லிக்கொண்டே போனார். டமால் எங்கள் சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே எல்லாப் பூட்டும் வெளிப்பக்கம்தான்.

"மேடம், அங்க கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குமா?"