வண்டி இருக்கைகளுக்கு அடியில் அலறிய எச்சரிக்கை

ஆடி அமாவாசை காலையில் மேசை மேல் கிடந்த இரண்டு போன்களும் ஒரே நேரத்தில் அலறின. ஒன்று என்னுடையது. மற்றது என் அக்காவின் கணவருடையது. அவரை மாமா என்று கூப்பிடுவேன். புத்தூரிலிருந்து அக்காவோடு ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, தன் அப்பாவுக்குப் பிண்டம் கரைக்கக் கொள்ளிடத்துக்குப் போயிருந்தார். காவிரிப் பக்கம் அம்மா மண்டபத்தில் அன்று கால் வைக்க இடமிருக்காது.

இரண்டு திரையிலும் ஒரே செய்தி. மேற்கே கனமழை, கொள்ளிடத்தில் உபரிநீர் திறப்பு, ஆற்றில் யாரும் இறங்க வேண்டாம். எங்கள் தெருவிலோ வெயில் சுளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

"என்னடா சத்தம்?" என்று அக்கா சமையலறையிலிருந்து கேட்டாள். படித்துச் சொன்னேன்.

"அவரு போன் இங்கதானே இருக்கு" என்றவள் அடுப்பை அணைத்தாள்.

இரண்டு போன்களையும் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

ஆற்றில் காரியம் செய்யப் போகிறவர்கள் போனோடு இறங்குவதில்லை. நனைந்துவிடும், துணியோடு வைத்தால் தொலைந்துவிடும். வண்டி இருக்கைக்கு அடியில் பூட்டிவிட்டுத்தான் போவார்கள். நான் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது எச்சரிக்கை மறுபடியும் வந்தது. வரிசையாக நின்ற வண்டிகள் எல்லாம் இருக்கைக்கு அடியிலிருந்து அலறின. எடுத்துப் பார்க்க வண்டிக்காரர் ஒருவரும் பக்கத்தில் இல்லை.

"வண்டிங்கதான் பயந்து கத்துது. ஆளுங்க ஜாலியா குளிக்குறாங்க" என்று டீக்கடைக்காரர் சிரித்தார். "போன வாரமும் இடி மின்னல்னு கத்துச்சுங்க. ஒரு தூறல் இல்ல."

கீழே ஆறு பெரும்பாலும் மணலாகவே கிடந்தது. நடுவில் மட்டும் ஒல்லியாக ஓர் ஓட்டம். அதன் கரையில் மாமாவும் எதிரே சாஸ்திரியும் உட்கார்ந்திருந்தார்கள். மணலில் கால் புதையப் புதைய ஓடினேன். வழியில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே போனேன். சிலர் துணியைச் சுருட்டினார்கள். சிலர் வானத்தைப் பார்த்துவிட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள்.

நான் போகும்போது மாமா பிண்டத் தட்டோடு எழுந்து, அக்கரைப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார்.

"மாமா, தண்ணி தொறந்துட்டாங்க. வாங்க!"

"இங்க கணுக்கால் அளவுதான் மாப்ள ஓடுது. அந்தப் பக்கம் ஆழமா இருக்கு, கரைச்சிட்டு வந்துடறேன். பாதியில விட்டுட்டு வந்தா அப்பாவுக்கு என்ன பதில் சொல்றது?"

"என் போனும் கத்தித்து" என்றார் சாஸ்திரி. "மந்திரம் நடுவுல நிறுத்தப்படாதேன்னு அமுக்கி வெச்சேன்."

எனக்கு மேற்கே பார்க்காமல் இருக்க முடியவில்லை. "மாமா, நீங்க தண்ணியத் தேடிப் போக வேணாம். அதுவே கரைக்கு வருது. கரைப் படியில நின்னே கரைக்கலாம்."

மாமா சாஸ்திரியைப் பார்த்தார். "ஓடுற ஜலமா இருந்தா போறும்" என்ற சாஸ்திரி, எங்களுக்கு முன்னால் பாயைச் சுருட்டிக் கிளம்பிவிட்டார்.

தட்டை இரு கையாலும் ஏந்தியிருந்ததால் மாமாவால் வேகமாக நடக்க முடியவில்லை. பாதி மணலில் அக்கா போனில் கூப்பிட்டாள்.

"கரைக்கு வந்துட்டீங்களா?"

"வந்துக்கிட்டே இருக்கோம்."

"அப்ப இன்னும் வரல" என்று வைத்துவிட்டாள்.

படி ஏறிக் காத்திருந்தோம். அலையாக எதுவும் வரவில்லை. முதலில் மணல் கறுத்தது. பிறகு நுரையும் சுள்ளியும் பிளாஸ்டிக் பாட்டிலும் சேர்ந்து வந்தன. மாமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்திருந்த இடம் எது என்று கொஞ்ச நேரத்தில் தெரியவில்லை. கடைசியாக ஓடி வந்தவர்கள் இடுப்பு நனைந்து படியேறினார்கள். மாமா ஒரே ஒரு படி இறங்கினார். நான் அவர் இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டேன். கலங்கிய தண்ணீரில் பிண்டத்தை விட்டார். அது நொடியில் கிழக்கே போனது.

ஈரக் கையோடு தன் போனை வாங்கி அக்காவைக் கூப்பிட்டார். "கரைச்சாச்சு."

அணைத்த அடுப்பைப் பற்றவைக்க அக்கா லைட்டரைச் சொடுக்கும் சத்தம் போனில் எனக்கும் கேட்டது.