சவரிமுத்து திருத்தாத பத்து நிமிடம்

போன செவ்வாய்க்கிழமை புதுக்கோட்டையில் ஒரு மனிதரை வேலை செய்யவிடாமல் பத்து நிமிடம் தடுத்து வைத்தேன். அதற்காக எனக்கு டீயும் வாங்கிக் கொடுத்தார்கள்!

என் பள்ளித் தோழர் அங்கே கடலை எண்ணெய் ஆலை நடத்துகிறார். சும்மா எட்டிப் பார்க்கலாம் என்று போயிருந்தேன். கம்ப்யூட்டர் பொறுப்பில் இருக்கும் அமுதா கவலையோடு உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஆவுடையார்கோவிலில் அவர் தங்கைக்கு வளைகாப்பு. அம்மா இல்லாத வீடு. அக்காதான் முன்னால் நிற்க வேண்டும். நண்பரோ லீவுக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

“ஆர்டர் எங்கயாச்சும் நின்னுச்சுன்னா ஒன் போனுக்கு மெயில் வரணும். வருதுன்னு காட்டிட்டுத் தாராளமாப் போம்மா.”

அவரைக் குறை சொல்ல முடியாது. கடைக்காரர்கள் செல்போனில் போடும் ஆர்டர்களை வாங்கி, குடோனுக்கும் பில்லிங்குக்கும் பிரித்து அனுப்புவது இன்டக்ரேஷன் சர்வர் என்ற பெட்டி. பிழையான ஆர்டரை அது நிறுத்தி வைக்கும். பத்து நிமிடம் அப்படியே கிடந்தால் எச்சரிக்கை மெயில் அனுப்ப வேண்டும். ஒருநாளும் அனுப்பியதில்லை!

“தங்கச்சி கல்யாணத்துலயே பந்தலுக்குப் பின்னாடி லேப்டாப்போட உக்காந்திருந்தேன் சார். பொண்ணுக்கு அக்கா இருக்காங்களான்னு மாப்பிள்ளை வீட்டுல கேட்டாங்களாம்” என்றார் அமுதா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

செட்டிங்ஸை என் கண் முன்னால் மறுபடி சரிபார்த்தார். டிக் இருக்கிறது. முகவரியில் ஓர் எழுத்துக்கூடப் பிசகில்லை. சோதனை மெயில் பொத்தானை அழுத்தினால் உடனே போன் ‘டிங்’ என்கிறது. நிஜப் பிழைக்கு மட்டும் மௌனம். ஏன்?

ஒரே வழி… வேண்டுமென்றே பிழை செய்வது. கடை நம்பரைக் காலியாக விட்டு, பத்து டின் எண்ணெய்க்கு ஒரு பொய் ஆர்டர் போட்டார். போனையே பார்த்தபடி காத்திருந்தோம். மெயில் இல்லை. திரையில் தேடினால், நின்றிருக்க வேண்டிய ஆர்டரையே காணோம்! இன்னொன்று போட்டார். அதுவும் மாயம்.

பதினொன்றரை மணிக்குத் திருமயத்திலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரரின் போன்.

“ஏம்மா, நான் ஆர்டரே போடல. பத்து டின் வந்து எறங்கிருக்கு. சாயந்தரம் கேக்கலாம்னுதான் இருந்தேன்… எப்புடிக் கண்டுபிடிச்சீங்க?”

குடோனுக்கு ஓடினோம். சூப்பர்வைசர் சவரிமுத்து தன் கம்ப்யூட்டர் முன்னால் நிதானமாக உட்கார்ந்திருந்தார். மத்தியானச் சாப்பாடும் அவருக்கு அந்த நாற்காலியில்தான்.

“கடை நம்பர் இல்லாம வந்துச்சு. செவ்வாக்கெழம பத்து டின் கேக்குற ஆளு திருமயத்துல ஒருத்தர்தான். அவரு நம்பரப் போட்டேன். வேன் நின்னுச்சு, ஏத்தி விட்டேன். ரெண்டாவதும் அதே மாரி வந்துச்சு. யாரோ கை தவறிப் போட்டுட்டாங்கன்னு அழிச்சிட்டேன்.”

“தெனமும் இப்புடித்தான் திருத்துறீங்களாண்ணே? சர்வர் தானாவே சரி பண்ணிக்குதுன்னுல்ல நெனச்சேன்! அப்ப அன்னைக்குப் பந்தலுக்குப் பின்னாடி உக்காந்து நான் எதப் பாத்துக்கிட்டிருந்தேன்?”

“என்னையத்தாம்மா.”

ஆக, செட்டிங்ஸில் தப்பே இல்லை. பத்து நிமிடம் உயிரோடு இருக்க எந்தப் பிழைக்கும் இங்கே வாய்ப்பில்லை — அவ்வளவுதான். நம் ஊர்ப்பக்கம் அப்படித்தானே? தப்பான நிறுத்தத்துக்கு டிக்கெட் கேட்டால், “கோயிலுக்குத்தானே? அடுத்ததுல எறங்குங்க” என்று கண்டக்டரே திருத்திவிடுவார். நல்ல குணம்தான். ஆனால் ஓசையில்லாமல் ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால், எது ஆட்டம் காண்கிறது என்று மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது பொய் ஆர்டர் தயாரானது. “பத்து நிமிஷம் தொடாதீங்கண்ணே” என்று அமுதா கெஞ்சினார். சவரிமுத்து தலையாட்டினார். ஆனால் ஆர்டர் திரையில் வந்ததும் அவர் கை மவுஸுக்குப் போய்விட்டது. அங்கே வந்து நின்றிருந்த நண்பர் என்னைப் பார்த்தார்.

எதிர்த்த டீக்கடைக்குச் சவரிமுத்துவைத் தள்ளிக்கொண்டு போனேன். சொந்த ஊர் எது என்றேன். “திருவரங்குளம்.” பிள்ளைகள்? “ரெண்டு.” கண் மட்டும் ஆலை வாசலிலேயே இருந்தது.

“பாவம் சார், அது அங்கிட்டு நின்னுக்கிட்டே இருக்கும்.”

“அது பொய் ஆர்டருங்க!”

“பொய்யா இருந்தா என்ன? தப்பு தப்புதானே?”

டீ ஆறி ஏடு கட்டியது. எழுந்தவரைத் தோளில் கைவைத்து மறுபடி உட்கார வைத்தேன். அப்போதுதான் போனைத் தூக்கிப் பிடித்தபடி அமுதா தெருவுக்கே ஓடி வந்தார்.

“வந்துருச்சு! வந்துருச்சு!”

“என்னம்மா, பரீட்சை ரிசல்ட்டா?” என்றார் டீ மாஸ்டர்.

பின்னாலேயே வந்த நண்பர், “கெளம்பும்மா, ஒரு மணி பஸ்ஸப் பிடி” என்றார். சவரிமுத்து ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார். “இப்பத் திருத்தலாம்ல?”

கிளம்பும் முன் அமுதா இரண்டு மாற்றங்கள் செய்தார். பத்து நிமிடம் என்பதை ‘உடனே’ ஆக்கினார். சவரிமுத்துவின் முகவரியையும் பட்டியலில் சேர்த்தார்.

நேற்று போன் செய்து விசாரித்தேன். வளைகாப்பு அன்று மூன்று எச்சரிக்கை மெயில் வந்ததாம். ஒவ்வொன்றுக்கும் அடுத்த நிமிடமே சவரிமுத்துவிடமிருந்து ஒரே பதில்:

“சரி பண்ணியாச்சு. நீ போயி வளையலப் போடு.”