ஹாதர்கில்லில் புல் வெட்டுபவர்

மலேசியாவில் யாரும் என்னிடம் சொந்த ஊர் எது என்று கேட்பதில்லை. பசியாறியாச்சா என்பார்கள், வேலை பெர்மிட் எப்போது முடிகிறது என்பார்கள். தமிழ்நாட்டில் பஸ்ஸில் அருகே உட்கார்ந்தவர் பெயருக்கு முன்பே ஊரைத்தான் விசாரிப்பார். அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா ஆன்டியிடம் கேட்டே விட்டேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் என் அறைக்குக் கீழ்வீடு அவருடையது. கணவர் காலமாகிவிட்டார், மகள் ஆஸ்திரேலியாவில். மெதடிஸ்ட் சர்ச்சிலிருந்து வந்ததும் படியடியில் நின்று, "தம்பி, சாப்புட வா லா" என்று குரல் கொடுப்பார். வாரம் முழுக்க ஷா ஆலம் அலுவலகத்தில் கணினியைப் பார்த்துக் கிடக்கும் எனக்கு, என்னைத் தேடி வருகிற குரல் அது ஒன்றுதான்.

"ஹாதர்கில், தம்பி. ரவாங் பக்கத்துல ரப்பர் எஸ்டேட்டு" என்றார்.

"அது இல்ல ஆன்டி. உண்மையான ஊரு. தமிழ்நாட்டுல."

கரண்டி பாதியில் நின்றது. "எங்கப்பா பொறந்ததும் அங்கதான், எறந்ததும் அங்கதான். அப்ப அது பொய் ஊரா?"

அடுத்த ஞாயிறு அவர் கூப்பிடவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. இரண்டு ஞாயிறும் ஹோட்டலில் சாப்பிட்டேன். இவ்வளவு பெரிய நகரத்தில் இருந்த ஒரே மனுஷியையும் வாயாலேயே தொலைத்துவிட்டேன்.

மனசு கேட்காமல் ஹாதர்கில்லை இணையத்தில் தேடினேன். வந்தது ரவாங் அல்ல, வட இங்கிலாந்தில் மலைச்சரிவில் ஒரு குக்கிராமம். எஸ்டேட்டைத் திறந்த துரை ஊர் ஏக்கத்தில் பெயரைக் கூடவே கொண்டுவந்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் ஈயச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊர். சுரங்கம் மூடியதும் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறிவிட்டார்கள். மிஞ்சியவை சில கல்வீடுகள், செம்மறி ஆடுகள், பூட்டிய ஒரு மெதடிஸ்ட் கோயில், அதையொட்டிக் கல்லறைகள்.

போனோடு போய்க் கதவைத் தட்டினேன். நான் ஊர் காலியான கதையைச் சொல்ல, ஆன்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படங்களைப் பார்த்தார். கல்லறைகள் வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தி, போனை வாங்கிக்கொண்டார்.

"இதெல்லாம் அப்படியே வெச்சிருக்காங்களா? எங்க ஹாதர்கில்ல தாமான் வீடுங்க கட்டறப்ப புல்டோசர் வந்து எல்லாத்தையும் தள்ளிருச்சு. அப்பா யாரு வீட்டு வாசலுக்கு அடியில இருக்காரோ."

படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அவரே கேட்டார். "உன் ஊர்ல இப்ப யாரு இருக்கா?"

"யாரும் இல்ல ஆன்டி. அம்மா போனதும் வீட்ட வித்துட்டோம்."

"ஆனா கேட்டா அந்தப் பேரைத்தான சொல்லுவ?"

"ஆமா."

"நானும் அப்படித்தான் லா." தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டார். போனை மட்டும் திருப்பித் தரவில்லை.

"எல்லாரும் போயிட்டாங்கன்ன. பாரு, புல்லு எவ்வளவு அழகா வெட்டியிருக்கு. யாரு தம்பி வெட்டறது?"

தெரியவில்லை என்றேன். அம்மாவைப் புதைத்த இடத்தில் புல் வெட்டச் சொல்லி நான் யாரிடமும் சொல்லிவிட்டு வரவில்லை.