நான்கு வருடம் ஒரே மாத்திரை

கோகிலவாணி பிறந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. அடுப்புக்குள் இருந்து ஓர் ஆள் குழந்தையைக் கொடுத்துவிடு என்று கேட்கிறான் எனத் தாய் கண்ணாயி அலறினாள். 1997 ஐப்பசி, மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த திருப்புலி நாட்டில் சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. மூன்று நாளாக அவள் கண் மூடவில்லை. நான்காம் நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மிளகுத் தோட்டத்துக்குள் ஓடி ஒளிந்தாள். கணவன் குழந்தைசாமியும் அண்ணன் அர்த்தனாரியும் அவளைப் பிடித்து, பஸ்ஸில் மலையிறக்கி, ஒரு டாக்டரிடம் கொண்டுபோனார்கள்.

டாக்டர் ஊசி போட்டு, மாத்திரை எழுதினார். "மாசா மாசம் கூட்டிட்டு வாங்க. கொஞ்சங் கொஞ்சமா கொறைக்கோணும்" என்றார்.

இருபதே நாளில் குரல் நின்றது. கண்ணாயி தூங்கினாள், சாப்பிட்டாள், பிள்ளைக்குப் பெயர் வைத்துக் கொஞ்சினாள்.

மறுமாதம் குழந்தைசாமி அவளைக் கூட்டிப்போகவில்லை. ஒரு நாள் வேலை கெடும் என்றான். சேந்தமங்கலத்துக்கு மிளகு விற்கப் போகும்போதெல்லாம் அந்தச் சீட்டை ஒரு மருந்துக்கடையில் நீட்டினான். கடைக்காரர் தேதியைப் பார்க்காமல் மாத்திரை கொடுத்தார். அப்படியே நான்கு வருடம் போயிற்று.

இரண்டாம் வருடத்திலேயே அவளுக்குக் கை கனத்துப்போனது. குச்சிக்கிழங்கைத் தோல் சீவக் கத்தியைப் பிடித்தால் விரல் நடுங்கியது. காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். குழந்தை சிரித்தால் பதிலுக்குச் சிரிக்க நினைப்பாள், முகம் அசையாது.

"ஏனுங்க, இந்த மாத்தர எனக்கு ஒத்துக்கலீங்க. கை எம் பேச்சக் கேக்க மாட்டேங்குது."

"அன்னிக்கு அடுப்பு பேசுச்சு. இன்னிக்குக் கை பேச்சக் கேக்கலியா?" என்றான் குழந்தைசாமி. அன்றிலிருந்து அவள் மாத்திரையை விழுங்கிய பிறகு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தான்.

அண்ணனிடமும் சொன்னாள். அவன் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். "மாத்தரய நிறுத்துனா மறுபடியும் ஓடுவ கண்ணு. போட்டுக்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பிறகு வாய் தானாக மெல்லத் தொடங்கியது. உள்ளே ஒன்றும் இருக்காது. தாடையும் நாக்கும் மட்டும் ஓயாமல் அசையும். பைத்தியம் முற்றிவிட்டது என்றார்கள். 2000இல் குழந்தைசாமி அதே மலையின் குண்டூர் நாட்டிலிருந்து அம்சவேணியைக் கட்டிக்கொண்டு வந்தான். பாவம், அவனும் எத்தனை நாள்தான் பொறுப்பான் என்று ஊரே அவனுக்காக இரங்கியது.

மறுவருடம் குடகிலிருந்து திரும்பிய அர்த்தனாரி தங்கையைப் பார்த்து அதிர்ந்துபோனான். தன் வீட்டுக்குக் கூட்டிவந்து, பிறகு சேலத்தில் ஒரு பெண் டாக்டரிடம் காட்டினான். அவர் பழைய சீட்டின் தேதியைப் பார்த்துவிட்டு, கண்ணாயியின் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"மூளையில ஒரு செல் இன்னொரு செல்லுக்கு ஒரு ரசாயனத்த அனுப்பித்தான் சேதி சொல்லும். பிரசவத்துக்கப்புறம் இவங்களுக்கு அந்தச் சேதி தாறுமாறாயிடுச்சு. அதான் இல்லாத கொரல் கேட்டுருக்குது. இந்த மாத்திரை, சேதி வாங்குற வாசல அடைக்கும். அப்ப அது தேவைதான். ஆனா கை கால் அசையறதுக்கும் அதே ரசாயனம் வேணுமே. நாலு வருசமா அடைச்சே வெச்சிருந்தா?"

"வாய் மெல்றது நிக்குமுங்களா?" என்று கேட்டான் அர்த்தனாரி.

"கை தேறிடும். வாய் நிக்காமயே போனாலும் போகலாம்."

"நா அப்பவே சொன்னனுங்க" என்றாள் கண்ணாயி.



டாக்டர் மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார். எட்டு மாதத்தில் கை இளகியது. கண்ணாயி மண்வெட்டி பிடித்தாள். பழைய குரல் திரும்ப வரவில்லை. வாய் மட்டும் நிற்கவில்லை.

குழந்தைசாமியின் வீட்டிலேயே இருந்துவிட்ட பிள்ளையைப் பார்க்கப் போனாள். நான்கு வயதைத் தாண்டியிருந்த கோகிலவாணி, அம்சவேணியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, அந்த வாய்மெல்லி வந்துருக்குது" என்று அழுதாள்.

குழந்தைசாமி வாசலைத் தாண்டி உள்ளே விடவில்லை. "கை நல்லாயிடுச்சில்ல? அண்ணன் ஊட்டுலயே இருந்து பொழச்சுக்க" என்றான்.

2003 ஜூனில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். தாய் பெயர் என்ற இடத்தில் அம்சவேணி என்று எழுதிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு அர்த்தனாரி கொதித்தான். "வா, போயி மாத்தச் சொல்லலாம்."

"வேண்டாண்ணா. நாந்தான் பெத்தவன்னு தெரிஞ்சா மத்த புள்ளைக அவளச் சும்மா உடாது."

மறுநாளிலிருந்து கண்ணாயி பள்ளிக்கூடத்து வழியை விட்டு, ஓடைப்பக்கம் சுற்றிக்கொண்டு காட்டு வேலைக்குப் போனாள்.