புளி போட்டு விளக்கிய சிலிண்டர்கள்

எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு போர்வெல் வண்டி, லாரி, ஈரோட்டில் ஒரு பரோட்டாக் கடை என்று சுற்றிவிட்டுப் புதுக்கோட்டையில் வந்து இறங்கினேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், தீயணைப்புச் சிலிண்டர் பராமரிக்கும் கடையில் ஆள் கேட்டார்கள். சேர்ந்துகொண்டேன். ஒரே வேலையில் நான் இரண்டு வருடம் நிலைத்தது அங்கே மட்டும்தான்.

கூட வேலை செய்தவர் கறம்பக்குடிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய பழைய மொபெட்டில் சிலிண்டருக்குள் நிரப்பும் பவுடர் வாளியையும் ஸ்பேனர் பையையும் கட்டிக்கொண்டு மாவட்டம் முழுக்கப் போவோம். பள்ளிக்கூடம், நகைக்கடை, ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் சுவரில் மாட்டிய சிவப்புச் சிலிண்டரை இறக்கிப் பார்த்து, தேதி எழுதி ஸ்டிக்கர் ஒட்டுவோம். வாளியின் கம்பி முழங்காலில் இடித்து இடித்துக் காய்த்துப்போனது. இன்று எங்காவது ஒரு மாடிப்படியில் சிவப்புச் சிலிண்டரைப் பார்த்தால் கால் தானாக நின்றுவிடுகிறது. தேதியைப் படிக்காமல் நகர முடிவதில்லை.

பொன்னமராவதிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். முதலாளி வெளிநாட்டில் இருந்தார். மண்டபத்தைப் பார்த்துக்கொண்டது ஓர் அக்கா. கணவர் இறந்தபின் மகளோடு மண்டபத்தின் பின்னறையிலேயே குடியிருந்தார். தீயணைப்புத் துறைச் சான்றைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் அது. முந்தைய முறை அதிகாரி குறை எழுதிவிட்டுப் போனதில் முதலாளிக்குக் கோபம். இந்த முறையும் சான்று வராவிட்டால் மண்டபத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவதாகப் போனில் சொல்லியிருந்தார். குத்தகைக்காரர் தன் ஆளைத்தான் வைப்பார். அக்காவுக்கு வேலையோடு வீடும் போகும். அவர் இதை அழுது சொல்லவில்லை. அதிகாரி நாளைக் காலையில் வருகிறார் என்பதோடு சேர்த்து இன்னொரு செய்தியாகச் சொன்னார்.

நாங்கள் போனது ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம். உள்ளே நுழைந்ததும் இருவரும் நின்றுவிட்டோம். பன்னிரண்டு சிலிண்டர்களும் புதுசு போலப் பளபளத்தன. எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. தேதி ஸ்டிக்கர் ஒன்றில்கூட இல்லை. பூஜைக்காக அரிவாள்மனை, அண்டா, கிரைண்டர் எல்லாவற்றையும் கழுவியவர், இவற்றையும் இறக்கிக் கழுவி வரிசையில் வைத்திருக்கிறார்.

கறம்பக்குடிக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏன்க்கா, அப்புடியே ஒரு எலுமிச்சம்பழத்தையும் குத்தி வச்சிருக்கலாமுல்ல?"

"வச்சேன் தம்பி. காஞ்சுபோச்சுன்னு எடுத்துட்டேன்," என்றார் அக்கா.

ஸ்டிக்கர் போனது பெரிய சிக்கல் இல்லை. சிலிண்டரில் எண் பொறித்திருக்கும்; கடைப் பதிவேட்டில் அந்த எண்ணுக்குத் தேதி இருக்கும். போனில் கேட்டு எழுதி ஒட்டினால் மதியத்துக்குள் கிளம்பிவிடலாம். அப்படித்தான் தொடங்கினோம். நான்காவது ஸ்டிக்கரை ஒட்டும்போது, இந்தப் பளபளப்பு எப்படி வந்தது என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"புளியப் போட்டுத் தேச்சு, கொடம் கழுவுற மாதிரி குழாய்க்கடியில கவுத்து வச்சு அலசுனேன். அந்தக் கருப்பு டியூப்புக்குள்ள ஒட்டடையா இருந்துச்சு. அதுக்குள்ளயும் தண்ணிய விட்டேன்."

கறம்பக்குடிக்காரர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். ஸ்பேனரை எடுத்து முதல் சிலிண்டரின் மூடியைத் திறந்தார். மாவு போலப் பொலபொலவென்று இருக்க வேண்டிய பவுடர், ஈரம் ஏறி வெல்லக்கட்டியாக இறுகியிருந்தது. தீப்பிடித்த நேரத்தில் அதைத் தூக்கினால் ஒரு சிட்டிகைகூட வெளியே வராது.

அக்கா எட்டிப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "பன்னண்டும் இப்புடியா?"

பன்னிரண்டையும் திறந்தோம். ஏழு கெட்டிருந்தன. வாளியில் இருந்த பவுடர் மூன்றுக்குத்தான் காணும். கறம்பக்குடிக்காரர் மொபெட்டை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குத் திரும்பினார். நானும் அக்காவும் கட்டிகளைக் குத்தி எடுத்து, சிலிண்டர்களை மொட்டைமாடி வெயிலில் காய வைத்தோம். ஐப்பசியில் அன்று மழை வராதது எங்கள் நல்ல நேரம். பவுடர் மூக்கில் ஏறித் தும்மிக்கொண்டே இருந்தோம். நடுவில் ரசமும் அப்பளமும் வைத்து எனக்குச் சோறு போட்டார். தான் சாப்பிடவில்லை. இந்தப் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார், சொன்னேன். மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன். கறம்பக்குடிக்காரர் பவுடரோடு திரும்பியதும் நிரப்பினோம். பொழுது சாய்வதற்குள் பன்னிரண்டும் சுவரேறின.

இரவு நாங்கள் இருவரும் மண்டபத்திலேயே படுத்துக்கொண்டோம். காலையில் வந்த அதிகாரி அதிகம் பேசவில்லை. தண்ணீர்த் தொட்டியையும் பின்வாசலையும் பார்த்துவிட்டு, முற்றத்தில் ஒரு தகரத் தட்டில் பழந்துணி போட்டு டீசல் ஊற்றிக் கொளுத்தச் சொன்னார். நான் சிலிண்டரோடு முன்னால் போனேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க ரெண்டு பேரும் இப்பக் கெளம்பிப் போயிருவீங்க. இங்க இருக்கப்போறவங்க அணைக்கட்டும்."

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, சிலிண்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"செருப்பப் போடுங்கம்மா, நெருப்பு," என்றார் அதிகாரி.

போட்டுக்கொண்டார். பாதுகாப்புப் பின்னை இழுத்தார். குமிழை உள்ளங்கையால் ஓங்கித் தட்டி, குழாயைத் தீயின் அடிக்குக் காட்டினார். ஒரு நொடி எதுவும் வரவில்லை. கறம்பக்குடிக்காரர் என் தோளைப் பிடித்தார். அதன்பிறகு சீறிக்கொண்டு வந்தது. தீ அணைந்த பின்னும் அக்கா விடவில்லை. போதும்மா, போதும்மா என்று அதிகாரி இருமிக்கொண்டே சொன்னார். தீரும்வரை அடித்துவிட்டு அக்கா, "இம்புட்டுத்தானா?" என்று கேட்டார்.

அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நாங்கள் காலிச் சிலிண்டரை நிரப்பிக்கொண்டிருந்தபோது அக்கா முதலாளிக்குப் போன் செய்தார். புளியைப் பற்றியோ ஏழு சிலிண்டர்களைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

"கையெழுத்தாயிருச்சுங்க. மண்டபத்துல நான் இருக்கேன்," என்றார்.

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, சரிங்க என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். தலை, புருவம், சேலை எல்லாம் வெள்ளை. அதைத் தட்டிவிடாமல், முற்றத்தைக் கூட்ட விளக்குமாறு தேடிப் போனார்.