சாமி பூவோடு போன சில்லு

எனக்கு எழுபத்து நாலு வயசு. நான் பெத்தது மூணு, செத்துப்போன அக்கா பிள்ளைக ரெண்டு, ஆக அஞ்சையும் வளர்த்தது நான்தான். ஒண்ணுகூடச் சோடை போகல. இது கடைக்குட்டி மக சம்பந்தப்பட்டது. போன தை மாசம், சாணார்பட்டிப் பக்கம் எங்க தோட்டத்து வீட்டுல நடந்துச்சு.

அவ காலேஜுல ஆராய்ச்சி பண்றா. ஏதோ பொடியை அமுக்கி, உலையில சுட்டு, கண்ணாடியாட்டம் ஊடுருவித் தெரியுற சில்லு செய்யுறது. பீங்கான் சாதிதானாம். லேசர் வெளிச்சம் உண்டாக்குறதுக்காம். உள்ளே துளி காத்து நின்னாலும் மோர் மாதிரி வெளுத்துப்போகும். ரெண்டு வருசமா வெளுத்ததுதான் வந்துச்சு. அந்த வாட்டி ஒண்ணே ஒண்ணு தண்ணியாட்டம் தெளிவா வந்துருச்சு. சட்டைப் பித்தான் அளவுதான். அதை வெளியூர்ல சோதனைக்குக் கொண்டு போகணும். போற வழியில அதோட வீட்டுக்கு வந்திருந்தா. மறுநா மத்தியானம் ரயிலு.

“சாமி முன்னால வச்சு எடுத்துட்டுப் போ”ன்னேன். டப்பாவோட வச்சா.

“டப்பாக்குள்ள இருந்தா சாமிக்கு எப்படித் தெரியும்?”

சிரிச்சுக்கிட்டே வெளிய எடுத்துப் பூத்தட்டுல வச்சா.

காலையில வழக்கம்போல பழைய பூவை அள்ளித் தென்னைமரத்தடியில கொட்டிட்டேன். செத்த நேரத்துல அவ வந்து, “அம்மா, தட்டுல இருந்தது எங்க?”ன்னா. பூவோட கொட்டிட்டேன்னு தென்னைமரத்தடிக்கு ஓடினேன்.

ரெண்டு பேரும் குப்பையைத் துழாவுறோம். பனி ஈரம் வேற. எந்தச் சொட்டைப் பார்த்தாலும் சில்லாத் தெரியுது. அவ அழுகையை அடக்குறது எனக்குத் தெரியுது. திடீர்னு எந்திரிச்சு ஓடி, பையில இருந்த ஊதா டார்ச்சை எடுத்தாந்தா. அந்த வெளிச்சம் பட்டா சில்லு பச்சையா மின்னுமாம். ஆனா வெயில்ல தெரியாதாம். “கம்பளி கொண்டாம்மா!”

ரெண்டு பேரும் இருட்டுக்காகத் தலையோட கம்பளியைப் போர்த்திக்கிட்டுக் குப்பையில தவழ்ந்தோம். பக்கத்துத் தோட்டத்துக்காரி பார்த்துட்டா.

“ஏன் மதினி, ஆத்தாளுக்கும் மகளுக்கும் குளிர்க்காய்ச்சலா?”

“ஆமா, நீயும் வந்து படு!”ன்னேன். சொல்லி வாய் மூடல, வாடின சாமந்திக்கு அடியில புல்லுநுனி அளவுக்குப் பச்சை!

கழுவி, வெயில்ல பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. “கீறல் இல்லம்மா”ன்னு அப்படியே மண்ணுல உக்காந்துட்டா. ரயிலையும் பிடிச்சுட்டா. போயி, “சில்லு வழியா வெளிச்சம் நல்லாப் பாஞ்சுச்சும்மா”ன்னு போன் பண்ணினா.

பிள்ளைக்கு நல்லதுன்னு நாம செய்யுறதே குறுக்க விழுந்துரும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. அவளுக்காகச் சாமிகிட்ட இப்பவும் கேக்குறேன், ஆனா அவ சாமானைத் தொடுறதில்ல.

அம்புட்டுதான். மூத்தவன் மக பக்கத்துல இருக்கா. ஏத்தா, நான் எழுத்துக்கூட்டி எழுதினதை ஒருக்கா வாசி, கேப்போம். கம்பளி வார எடத்துல சிரிக்காம வாசிக்கணும்.