மூன்றாவது கையெழுத்து இல்லாத தாள்

செய்தி வந்தபோது நான் விண்ணப்பங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். முற்பகல் பதினொரு மணி இருக்கும். கல்லூரியின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டே வரிகள்: முன்னாள் துணை முதல்வர் கமலவேணி அம்மையார் காலமானார், இறுதிச் சடங்கு மாலை நான்கு மணிக்குத் திருத்துறைப்பூண்டியில் அவரது இல்லத்தில். அப்போது என் கையிலிருந்த விண்ணப்பத்தில், ‘செவிலியர் படிப்பைத் தேர்ந்தெடுக்கக் காரணம்’ என்ற கட்டத்துக்குள், ஒரு மாணவி ‘சேவை மனப்பான்மை’ என்று எழுதியிருந்தாள். அதற்கு முந்தைய விண்ணப்பத்திலும் அதுவே. அதற்கும் முந்தையதிலும் அதுவே. பதினெட்டு ஆண்டுகளாக அந்தக் கட்டத்தைப் படித்துவருகிறேன். அன்று அதற்கு மேல் படிக்க இயலவில்லை. விண்ணப்பங்களைக் கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் பேருந்து நிலையத்துக்குப் போனேன்.

அவரிடம் படித்தவர்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பிறருக்காகச் சொல்கிறேன். தஞ்சைக்கு வெளியே இருக்கும் எங்கள் செவிலியர் கல்லூரியில் நான் நிர்வாக அலுவலர். அவர் அரசு மருத்துவமனைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, ஓய்வுபெற்ற பின் எங்களிடம் துணை முதல்வராக வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் கடைசிவரை என்னை ‘சார்’ என்றுதான் அழைத்தார். என் காதில் விழாது என்று நினைத்த நேரங்களில் ‘ரூல்ஸ் சார்’ என்று அழைத்ததும் எனக்குத் தெரியும்.

ஒருமுறை வருகைப் பதிவேட்டுடன், எங்கள் மாணவியர் பயிற்சி பெறும் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். காலைப் பணி முடியும் நேரம். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற ஆசிரியை, “சேவைன்னு வந்துட்டா இதெல்லாம் தாங்கிக்கணும்மா” என்று தேற்றிக்கொண்டிருந்தார். அங்கே வந்த கமலவேணி அம்மையார் அந்தப் பெண்ணுக்குக் கீழே ஒரு படியில் உட்கார்ந்தார்.

“எங்க வலிக்குது?”

“கால்தான் மேடம்.”

“அப்ப கால் வலிக்குதுன்னு சொல்லு. கால் வலிக்கு மாத்திரை இருக்கு. சேவைக்கு என்கிட்ட மாத்திரை கிடையாது” என்றவர், புடவையைக் கணுக்காலுக்கு மேல் சற்றே உயர்த்தித் தம் காலில் புடைத்திருந்த நரம்புகளையும் அவற்றை அழுத்திப் பிடித்திருந்த உறையையும் காட்டினார். “பாத்துக்க. இது முப்பது வருஷத்துக் கணக்கு.”

பொதுமக்கள் நடமாடும் படிக்கட்டில் பணியாளர் உட்காருவது முறையல்ல என்று நான் மெதுவாகச் சுட்டிக்காட்டினேன். அவர் சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டார். “நீங்களும் உக்காருங்க சார். உங்க ரூல்ஸும் காலையிலேர்ந்து நின்னுக்கிட்டேதான இருக்கு.” அந்தப் பெண் அழுகையை மறந்து சிரித்துவிட்டாள். நான் உட்காரவில்லை. இப்போது நினைத்தால், உட்கார்ந்திருக்கலாம்.

நான் சொல்ல வந்தது தேன்மொழி என்ற மாணவியின் நேர்காணலைப் பற்றி. எங்கள் அறக்கட்டளை ஆண்டுதோறும் பத்து மாணவியருக்குக் கட்டணமில்லாமல் இடம் அளிக்கிறது. தேர்வுக் குழுவில் முதல்வர், கமலவேணி அம்மையார், நான் என மூவர். ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு மதிப்பெண் தாள். அதில் ‘நோக்கம்’ என்ற தலைப்பின் கீழ் பத்து மதிப்பெண். அந்தத் தாளை வடிவமைத்தவன் நான்.

தேன்மொழி பூதலூர்ப் பக்கத்துப் பெண். அந்தக் கட்டத்தில் அவள் எழுதியிருந்தது நான்கே சொற்கள்: ‘ஊரை விட்டுப் போக வேண்டும்.’

“இதெல்லாம் ஒரு காரணமாம்மா?” என்று கேட்டேன்.

“வேற காரணம் இல்ல சார். இங்க இடம் கிடைக்கலன்னா ஆவணியில கல்யாணம். மாமா பையன். பத்திரிகை அடிக்கக் குடுக்கப்போறாங்க.”

“நோயாளிகளைக் கவனிப்பதில் ஆர்வம் உண்டா?”

“தெரியல சார். கவனிச்சதில்ல.”

நான் ‘நோக்கம்’ என்ற இடத்தில் சுழியம் போட்டேன். முதல்வர் கையெழுத்திட்டார், நானும் இட்டேன். மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணோடு கூட்டிப் பார்த்தால் பத்தாவது இடத்துக்கு அவளுக்கு மூன்று மதிப்பெண் குறைந்தது. தாள் கமலவேணி அம்மையாரிடம் போயிற்று. அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

“இந்தப் புள்ளை தாள்ல நான் கையெழுத்துப் போடமாட்டேன் சார்.”

“காரணம் சொல்லுங்க மேடம்.”

“நான் ஏன் நர்சிங் சேந்தேன் தெரியுமா? ஹாஸ்டல்ல மூணு வேளையும் சோறுன்னாங்க. வந்தேன். எனக்கு எத்தன மார்க் போடுவீங்க?”

முதல்வர் சன்னல் பக்கம் பார்த்தார். நான் விதிப் புத்தகத்தைப் பார்த்தேன். மூவரில் ஒருவர் கையெழுத்திடாவிட்டாலும் தாள் செல்லாது. அந்த மாணவிக்கு ஏழு நாள்களுக்குள் மறு நேர்காணல் நடத்த வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த விதியை எழுதியவனும் நானே. கமலவேணி அம்மையார் அதைப் படித்துவிட்டுத்தான் பேனாவை மூடியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஏழாம் நாள் தேன்மொழி மறுபடி வந்தாள். இம்முறை எண்ணெய் வைத்துத் தலையைப் படிய வாரியிருந்தாள். அதே கேள்வியைக் கேட்டேன். “சிறு வயதிலிருந்தே ஏழை எளிய நோயாளிகளுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது என் லட்சியம், சார்” என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள். புத்தகத் தமிழ். கண் என்னைப் பார்க்கவில்லை. நான் எட்டு மதிப்பெண் போட்டேன். நேர்மையாகச் சொல்கிறேன்: போடும்போது எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. கேள்விக்கு உரிய விடை வந்தது. விடைக்கு உரிய மதிப்பெண் போயிற்று. மூன்று கையெழுத்தும் விழுந்தன. அவளுக்கு இடம் கிடைத்தது.

அவள் போனபின் கமலவேணி அம்மையாரிடம் கேட்டேன்: “நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்களா?”

“நான் எங்க சார் சொல்லிக்குடுத்தேன்? நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க, போன வாரம்.” சண்டைக்குரலில் சொல்லவில்லை, மிகவும் களைத்த குரலில் சொன்னார். பிறகு, “உண்மையச் சொன்னப்ப சைபர். பொய் சொன்னப்ப எட்டு. போகட்டும், புள்ளைக்கு எடம் கிடைச்சிச்சு. வர்றதுக்கு என்ன காரணமா இருந்தா என்ன சார். இருக்கறதுக்குக் காரணம் வார்டுலதான் கிடைக்கும். கிடைக்காதவங்க போயிடுவாங்க. அதுக்கு முன்னாடி நாம ஏன் கேக்குறோம்?” என்றார்.

அந்தப் பத்து மதிப்பெண்ணை நீக்கக் கோரி அதற்குப் பின் மூன்று முறை அறக்கட்டளைக்கு எழுதினேன். மூன்று முறையும் ‘அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம்’ என்று பதில் வந்தது. நான்காவது முறை எழுதவில்லை. மாணவியர் ‘சேவை மனப்பான்மை’ என்று எழுதிக்கொண்டேயிருக்கிறார்கள். நான் எட்டு, எட்டு என்று போட்டுக்கொண்டேயிருக்கிறேன்.

திருத்துறைப்பூண்டியில் பந்தலுக்கு வெளியே நின்றிருந்தபோது, “சார், நான் தேன்மொழி” என்று ஒரு குரல் கேட்டது. நாகப்பட்டினத்தில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. காலைப் பணி முடிந்து சீருடையை மாற்ற நேரமில்லாமல் மேலே ஒரு துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தாள்.

“ஊரை விட்டுப் போய்விட்டாயே” என்றேன்.

“ரொம்ப தூரம் போகல சார். பஸ்ல மூணு மணி நேரம்.” அழுதிருந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று. அந்தக் கேள்வியை அவளிடம் மூன்றாம் முறையாகக் கேட்டேன். ஆனால் மாற்றிக் கேட்டேன். இதில் ஏன் இருக்கிறாய் என்று.

“ரெண்டாம் வருஷம் சார். ஒரு பெரியவருக்கு ஊசி போட நரம்பே கிடைக்கல. மூணு பேரு குத்திப் பாத்துட்டாங்க. அவரு பல்லக் கடிச்சிக்கிட்டுப் படுத்திருந்தாரு. மேடம் என்னப் பாத்து, ‘நீ தொட்டுப் பாரு’ன்னாங்க. விரலுக்குத் தெரிஞ்சிச்சு சார். ஒரே குத்து. ‘வலிக்கவே இல்லியே’ன்னாரு அவரு. அன்னைக்குத்தான், சரி, இதுல இருக்கலாம்னு தோணிச்சு.”

சற்று நின்று, “இதுக்கு எத்தன சார் போடுவீங்க?” என்றாள். அதற்குள் உள்ளே அழைத்தார்கள்.

மதிப்பெண் தாள்களை ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிட வேண்டும் என்பது விதி. தேன்மொழியின் இரண்டாவது தாளை உரிய நாளில் அழித்து, பதிவேட்டில் குறித்தும் வைத்தேன். முதல் தாள் செல்லாத தாள். அதை மறு நேர்காணல் அன்றே கிழித்திருக்க வேண்டும். கிழிக்கவில்லை. என் மேசையின் அடி இழுப்பறையில் இருக்கிறது. என் கையால் போட்ட சுழியம், அதன் கீழே இரண்டு கையெழுத்து, மூன்றாவது இடத்தில் வெறும் கோடு.

இந்த ஆண்டின் நேர்காணல் அடுத்த திங்கட்கிழமை. யாரேனும் ஒரு பெண் உண்மையைச் சொல்லக்கூடும். அப்போது பேனாவை மூடி மேசையில் வைக்க அந்த அறையில் இப்போது என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. கமலவேணி அம்மையாரின் கையெழுத்து எங்கள் கல்லூரிக் கோப்புகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் போடாத ஒன்றை.